பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்துவிட்டது, காசு மிச்சமாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபவுண்டரியிலும் மெஷின் ஷாப்பிலும் குவாலிட்டி வேலை பார்ப்பவர்கள், சிக்ஸ் சிக்மா (பழுதைக் குறைக்கும் தர மேம்பாட்டு முறை) பயிற்சி முடித்து முதல் பிராஜெக்டைக் கையில் எடுத்தவர்கள், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கீழே வரும் தொழிற்சாலை எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை. உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள், வழி அதேதான்.

புள்ளியியல் சிக்னிஃபிகன்ஸ், நடைமுறை சிக்னிஃபிகன்ஸ்: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். முதலாவது, "கண்ணில் படும் இந்த வித்தியாசம் தற்செயலாக வந்ததாக இருக்குமா?" என்று கேட்கிறது. இரண்டாவது, "இவ்வளவு வித்தியாசத்தால் எனக்கு என்ன ஆகும்?" என்று கேட்கிறது. முதல் கேள்விக்கு மினிடேப் என்ற புள்ளியியல் மென்பொருள் பி-மதிப்பு என்ற எண்ணால் பதில் சொல்லும்; அது 0.05-க்குக் கீழே வந்தால் 'சிக்னிஃபிகன்ட்' என்பது வழக்கம். இரண்டாவதற்கு அக்கவுண்ட்ஸ், கஸ்டமர் டிராயிங், லைன் சூப்பர்வைசர் மூவரிடமும் போய்க் கேட்க வேண்டும்.

பாதிக் குழப்பம் அந்தச் சொல்லால் வந்தது. 'சிக்னிஃபிகன்ட்' என்றதும் 'முக்கியமானது' என்று காதில் விழுகிறது. நம் பாடநூல்களில் இதை 'மிகைகாண் சோதனை' என்று போட்டிருந்தார்கள். பரீட்சைக்குப் படித்தபோது அந்தச் சொல்லைக் கேலி செய்தவன்தான் நானும். இப்போது யோசித்தால் அதுவே மேல். கேட்டதும் புரியாது, ஆனால் புரிந்துவிட்டதாக ஏமாற்றவும் செய்யாது.

பி-மதிப்பு 0.03 என்றால் மாற்றம் வேலை செய்கிறது என்று 97 சதவீதம் உறுதி, சரிதானே சார்?

சரியில்லை. பயிற்சி வகுப்பில் அப்படிச் சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மாற்றத்தால் ஒரு பலனும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதும், இப்போது கண்ணில் பட்ட அளவு வித்தியாசமோ அதைவிடப் பெரியதோ சும்மா தற்செயலாகவே வர எவ்வளவு வாய்ப்பு? அந்த எண்தான் பி. பலன் இருக்கிறதா என்பதற்கான வாய்ப்பு அதில் இல்லை. பலன் எவ்வளவு பெரியது என்பதும் இல்லை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. பி-மதிப்பு விளைவின் அளவையோ முடிவின் முக்கியத்துவத்தையோ அளப்பதில்லை என்று அதில் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

பி மிகமிகச் சின்னதாக வந்தால் மாற்றம் பெரியது என்று வைத்துக்கொள்ளலாமா?

ஒரு சிஎன்சி லேத்தைப் பார்ப்போம். 25 மி.மீ. தண்டு, டாலரன்ஸ் (அளவு விலக அனுமதி) கூட்டல் கழித்தல் 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெஷினை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு பீஸையும் ஆட்டோ கேஜ் அளந்து எழுதிவிடுகிறது. கூலன்டை மாற்றினார்கள். மாற்றுவதற்கு முன் 10,000 பீஸ், மாற்றிய பின் 10,000 பீஸ். முன்பு சராசரி 25 மி.மீ.-க்கு மேல் 3.0 மைக்ரான், இப்போது 2.7. இரண்டு பக்கமும் திட்ட விலக்கம் (பீஸுக்குப் பீஸ் அளவு ஆடுவது) 4 மைக்ரான்.

வித்தியாசம் 0.3 மைக்ரான். சோதனை போட்டால் பி-மதிப்பு கோடிக்கு ஒன்று என்ற அளவில் வரும். பிரசென்டேஷனில் இதைச் சிவப்பு எழுத்தில் போட்டுக் கைதட்டு வாங்கலாம்.

இனி ஷாப்புக்குள் போவோம். உருக்கு ஒரு டிகிரி சூடானால் மீட்டருக்குப் பதினொன்று, பன்னிரண்டு மைக்ரான் விரியும். 25 மி.மீ. தண்டுக்கு அது ஏறக்குறைய 0.3 மைக்ரான். ஏசி இல்லாத ஷெட்டில் காலை ஷிஃப்டுக்கும் மத்தியான ஷிஃப்டுக்கும் நடுவே வெப்பம் எத்தனை டிகிரி ஏறும் என்று உங்களுக்கே தெரியும். நம் 'மகத்தான' வித்தியாசம் ஒரே ஒரு டிகிரிக்குச் சமம். ஆப்பரேட்டர் கையிலிருக்கும் மைக்ரோமீட்டரின் மிகச்சிறு கோடே ஒரு மைக்ரான். சிபிகே (டாலரன்ஸுக்குள் மெஷின் எவ்வளவு வசதியாக அடங்குகிறது என்று காட்டும் எண்) கணக்குப் போட்டால் 1.42-லிருந்து 1.44. எந்தக் கஸ்டமரும் இதற்காக ஒரு பைசா கூட்டித் தரமாட்டார்.

அப்படியானால் பி ஏன் அவ்வளவு சின்னதாக வந்தது? பீஸ் எண்ணிக்கை கூடியதால். அதே 0.3 மைக்ரான் வித்தியாசத்தைப் பக்கத்துக்கு 50 பீஸ் வைத்துப் பார்த்தால் பி 0.7 பக்கம் வரும். கூலன்ட் அதேதான், தண்டும் அதேதான், எண்ணிக்கை மட்டும்தான் வேறு. ஒவ்வொரு பீஸையும் சென்சார் அளந்து சர்வரில் கொட்டும் இந்தக் காலத்தில் எதை எதோடு ஒப்பிட்டாலும் 'சிக்னிஃபிகன்ட்' என்றே வரும். உலகத்தில் எந்த இரண்டு ஷிஃப்டும் கடைசித் தசமப் புள்ளி வரை ஒன்றாக இருக்காது. போதுமான பீஸ் இருந்தால் சோதனை அதைக் கண்டுபிடித்துவிடும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்குமா?

நடக்கும், பணம் கைநழுவுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு சின்ன ஃபவுண்டரி, நாளுக்கு 10 டன் காஸ்டிங். கசடு உள்ளே மாட்டிக்கொண்டு ரிஜெக்ஷன் அதிகம். உலோகம் மோல்டுக்குள் ஓடும் வழியில் செராமிக் ஃபில்டர் வைத்தால் கசடு தங்கிவிடும் என்று ஒருவர் சொல்ல, ஐந்து நாள் வைத்துப் பார்த்தார்கள்.

ஃபில்டர் இல்லாத ஐந்து நாள் ரிஜெக்ஷன் சதவீதம்: 7.0, 4.5, 8.5, 5.0, 6.5. சராசரி 6.3.
ஃபில்டர் வைத்த ஐந்து நாள்: 3.5, 6.5, 4.0, 2.5, 6.0. சராசரி 4.5.

1.8 புள்ளி குறைந்திருக்கிறது. டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டால் பி 0.12. "சிக்னிஃபிகன்ட் இல்லை, ஃபில்டரால் பலன் இல்லை" என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். இந்த வாக்கியத்தின் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. 'பலன் நிரூபணமாகவில்லை' என்பது வேறு, 'பலன் இல்லை' என்பது வேறு.

இந்த இடத்தில் பி-யை விட்டுவிட்டு 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை, அதாவது டேட்டாவோடு ஒத்துப்போகும் உண்மையான குறைவின் வீச்சைப் பாருங்கள். அது −0.6 முதல் 4.2 வரை போகிறது. அதாவது ஃபில்டர் ரிஜெக்ஷனை 4 புள்ளிக்கு மேல் குறைத்திருக்கலாம், அரைப் புள்ளி கூட்டியும் இருக்கலாம். கையிலிருக்கும் பத்து நாள் டேட்டா இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

அடுத்து இதை ரூபாயாக்குவோம். ரிஜெக்ட் ஆன காஸ்டிங் வீணாவதில்லை, மறுபடி உருக்கிக்கொள்ளலாம். போவது கரண்டும் மணலும் கூலியும்தான். கிலோவுக்கு 30 ரூபாய் என்று வைப்போம். 10 டன்னில் ஒரு புள்ளி என்பது 100 கிலோ, அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். ஃபில்டர் செலவு நாளுக்கு 4,500. எனவே ரிஜெக்ஷன் குறைந்தது 1.5 புள்ளியாவது இறங்கினால்தான் ஃபில்டர் கட்டுப்படியாகும்.

அந்த 1.5-தான் இந்தப் பிராஜெக்டின் நடைமுறை எல்லை. நம் இடைவெளி அதன் இரண்டு பக்கமும் பரந்து கிடக்கிறது. நாளுக்கு 6,300 ரூபாய் நட்டத்திலிருந்து 8,100 ரூபாய் லாபம் வரை எதுவும் நடக்கலாம். இப்போதைக்கு ஒழுங்கான பதில் 'தெரியவில்லை' என்பதுதான். மீட்டிங்கில் அதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

அப்படியானால் எத்தனை நாள் ஓட்ட வேண்டும்?

நாளுக்கு நாள் ரிஜெக்ஷன் ஆடுவது (திட்ட விலக்கம்) இங்கே சுமார் 1.65 புள்ளி. உண்மையான குறைவு 1.8 என்றால், அதை வழக்கமான கணக்கில் (பலன் இல்லாதபோது இருக்கிறது என்று சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம், இருக்கும்போது கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம்) கண்டுபிடிக்கப் பக்கத்துக்கு 14, 15 நாள் வேண்டும். அதில் பாதி வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் நாள் நான்கு மடங்காகும். பக்கத்துக்கு ஐந்து நாள் மட்டும் ஓட்டினால், ஃபில்டர் நிஜமாகவே 1.8 குறைத்தாலும், மூன்றில் இரண்டு தடவை சோதனை அதைக் கோட்டைவிட்டுவிடும்.

இன்னொன்று. தினமும் பி-யைப் பார்த்து, 0.05-க்குக் கீழே இறங்கும் நாளில் டிரயலை நிறுத்தாதீர்கள். காசு தலை விழும் வரை சுண்டிவிட்டு, தலைதான் விழும் என்று சொல்வது போன்றது அது. எத்தனை நாள் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, அத்தனை நாளும் முடிந்த பிறகு பாருங்கள். முதல் ஐந்து நாளை, ஆட்டம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஓட்டிய முன்னோட்டமாக வைத்துக்கொண்டு, கணக்கைப் புதிதாகத் தொடங்குவது நல்லது.

0.05 என்பது எங்கிருந்து வந்தது? யார் வைத்தது?

புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925-ல் வெளியிட்ட புத்தகத்தில் இருபதில் ஒன்று என்பதை வசதியான எல்லையாகச் சொன்னார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இயற்கை விதியும் இல்லை, ஐஎஸ்ஓ விதியும் இல்லை.

எனக்கு இதில் அவரைவிட இன்னொருவரைப் பிடிக்கும். வில்லியம் கோசெட். 1899-ல் டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்த வேதியியல்காரர். பார்லியும் ஹாப்ஸும் சோதித்துப் பார்க்க ஆலையில் கிடைப்பது நாலைந்து மாதிரிகள்தான். அந்தக் காலக் கணக்குகளெல்லாம் பெரிய மாதிரிக்கானவை. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதக் கம்பெனி விடாததால், 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இன்று நாம் பட்டன் தட்டிப் போடும் டி-டெஸ்ட் வந்தது. எவ்வளவு உறுதி போதும் என்பது, சோதனை முடிவை நம்பி நடந்தால் வரும் பண லாபத்தையும் புதிய முறையின் கூடுதல் செலவையும் பொறுத்தது என்பதுதான் அவருடைய எண்ணம். டி-டெஸ்டைக் கொடுத்தவரே ஆலைக்காரராகத்தான் யோசித்தார். நாம்தான் அவருடைய கருவியை எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டோம்.

வால்டர் ஷூவார்ட்டும் அதே ரகம். 1924 மே 16-ல் ஒரு சின்னக் குறிப்பில் முதல் கன்ட்ரோல் சார்ட்டை (வேலை வழக்கமான ஆட்டத்துக்குள் இருக்கிறதா என்று காட்டும் வரைபடம்) வரைந்து கொடுத்தவர். அதில் 3 சிக்மா கோடு (சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கம் தள்ளி) போட்டதற்கு அவர் சொன்ன காரணம் செலவு. வீணாகக் காரணம் தேடி அலையும் செலவையும், நிஜமான கோளாறைக் கோட்டைவிடும் நட்டத்தையும் எடைபோட்டால் அனுபவத்தில் அந்த இடம் கட்டுப்படியாகிறது என்றார்.

பழைய சப்ளையர் இன்செர்ட் (லேத்தில் மாட்டும் வெட்டுமுனை), புது சப்ளையர் இன்செர்ட். பி 0.4 வந்தது. இரண்டும் ஒன்று என்று எழுதலாமா?

கூடாது. ஆறு இன்செர்ட் வைத்துப் பார்த்தால் எதுவும் எதற்கும் சமமாகத்தான் தெரியும். 'சமம்' என்று சொல்ல வேண்டுமானால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். எவ்வளவு வித்தியாசம் வரை எனக்குப் பரவாயில்லை? உதாரணமாக, ஒரு முனைக்கு 200 பீஸ் ஓடும் இடத்தில் 10 பீஸ் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை என்று முதலில் எழுதிவைக்கிறீர்கள். பிறகு வித்தியாசத்தின் 90 சதவீத இடைவெளி முழுவதும் அந்த −10, +10 இரண்டுக்கும் உள்ளேயே அடங்கினால் 'நடைமுறையில் சமம்' என்று எழுதலாம். மினிடேப்பில் இது ஈக்விவலன்ஸ் டெஸ்ட் என்று தனியாகவே இருக்கிறது. பர்ச்சேஸ் ஆட்கள் இதைக் கற்றுக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

சின்ன வித்தியாசம் என்றால் எப்போதும் தள்ளிவிடலாமா?

அப்படியும் இல்லை. அமெரிக்காவில் 22,071 மருத்துவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 1988-ல் வந்த அறிக்கையில், ஆஸ்பிரின் எடுத்த 11,037 பேரில் 104 பேருக்கும், வெறும் மாத்திரை எடுத்த 11,034 பேரில் 189 பேருக்கும் மாரடைப்பு வந்திருந்தது. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். ஆனாலும் ஆஸ்பிரின் பகுதியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். உயிர் விஷயத்தில் ஒரு சதவீதம் சின்ன எண் இல்லை.

தொழிற்சாலையிலும் அப்படித்தான். பிரேக் பாகத்தில் ஆயிரத்துக்கு ஒன்று குறைவது பெரிய விஷயம். பெயின்ட் அடிக்காத பின்பக்கத்தில் கீறல் ஆயிரத்துக்குப் பத்து குறைந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

பெரிய வித்தியாசம் பயனற்றுப் போகும் இடமும் உண்டு. சைக்கிள் டைம் பிராஜெக்ட்களில் இதை வருஷாவருஷம் பார்க்கிறேன். இரண்டாவது ஆபரேஷன் 48 விநாடியிலிருந்து 42 விநாடிக்கு வந்துவிட்டது, பி 0.000, கேக் வெட்டியாயிற்று. அடுத்த ஆபரேஷனுக்கு 60 விநாடி. அங்கே போய்ப் பாருங்கள், டிராலியில் பீஸ் மலையாகக் குவிந்திருக்கும். லைனிலிருந்து மணிக்கு வெளியே வருவது அன்றும் 60 பீஸ்தான், இன்றும் 60 பீஸ்தான். மிச்சமான ஆறு விநாடியில் ஆப்பரேட்டருக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தது. அதுவும் நல்லதுதான், ஆனால் சேமிப்புக் கணக்கில் எழுத முடியாது.

பிராஜெக்ட் ஆரம்பித்த பிறகு ரிஜெக்ஷன் பாதியானது, பி 0.001. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

தற்செயல் மட்டும்தான் என்றால் இவ்வளவு வித்தியாசம் வருவது அரிது என்று பி சொல்கிறது. அதற்குக் காரணம் உங்கள் மாற்றம்தான் என்று அது சொல்வதில்லை.

பிராஜெக்ட் எப்போது ஆரம்பிக்கும்? ரிஜெக்ஷன் உச்சத்தில் இருக்கும்போது, முதலாளி சத்தம் போட்ட மாதத்தில். உச்சத்தில் இருப்பது ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். உயரமான பெற்றோரின் பிள்ளைகளை அளந்து பார்த்து, அவர்கள் பெற்றோரைவிடச் சராசரிக்கு நெருக்கமாக இருப்பதாக ஃபிரான்சிஸ் கால்டன் 1886-ல் எழுதியது இதே சங்கதியைத்தான். எனவே 'முன்பு' என்று எடுக்கும் டேட்டா அந்த மோசமான மாதமாக மட்டும் இருக்கக் கூடாது. ஒரு வருஷத்துச் சார்ட்டைப் பார்க்க வேண்டும்.

ஃபவுண்டரியில் இதற்கு மேல் மழை வேறு. ஐப்பசியில் டிரயலை ஆரம்பித்துத் தை மாதம் அறிக்கை எழுதினால், நடுவில் மணலின் ஈரம் தானாகவே மாறியிருக்கும். ப்ளோ ஹோல் (காஸ்டிங்கில் வாயு விடும் ஓட்டை) குறைந்தது உங்கள் புது பைண்டராலா (மணலை ஒட்டவைக்கும் பொருள்), வெயிலாலா? நானே ஒரு தடவை இப்படி மழைக்குச் சேர வேண்டிய பாராட்டை வாங்கியிருக்கிறேன். அடுத்த ஐப்பசியில் அது திரும்பிப் போய்விட்டது.

வழி இருக்கிறது. முதலில் இது, பிறகு அது என்று ஓட்டாமல் நாள் மாற்றி நாள், அல்லது காசு சுண்டி, கலந்து ஓட்டுங்கள். சூப்பர்வைசர் முனகுவார். ஆனால் மழையும் கரண்ட் கட்டும் லீவில் போன மோல்டரும் இரண்டு பக்கமும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

இருபது காரணிகளைச் சோதித்தோம், ஒன்று மட்டும் 0.04 வந்தது. பிடித்துவிட்டோமா?

ஒன்றுக்குமே பலன் இல்லாவிட்டாலும், இருபதில் ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றை மட்டும் வைத்துத் தனியாக இன்னொரு டிரயல் ஓட்டுங்கள்.

கேஜ் சரியில்லை என்றால்?

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேஜ் ஆர் அண்ட் ஆர் (அளவில் தெரியும் ஆட்டத்தில் கேஜாலும் அளப்பவராலும் வரும் பங்கு) 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் ஆகாது என்பது வாகனத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் அளவுகோல். 30-ஐத் தாண்டிய கேஜை வைத்துக்கொண்டு பி-மதிப்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

மேனேஜ்மென்ட்டுக்கு அறிக்கையில் எப்படி எழுதுவது?

பி-யைக் கடைசியில் போடுங்கள், அல்லது போடாமலே விடுங்கள். டிரயல் ஆரம்பிக்கும் முன்னாலேயே 'எவ்வளவு மாறினால் கட்டுப்படியாகும்' என்ற எண்ணைக் காகிதத்தில் எழுதி, அக்கவுண்ட்ஸில் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு வைக்கும் எல்லை எப்போதும் முடிவுக்குத் தோதாகவே அமைந்துவிடும். மற்றவர்களைச் சொல்லவில்லை, எனக்கே அப்படித்தான்.

அந்த ஃபவுண்டரிக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்: "ஃபில்டர் போட்ட நாள்களில் ரிஜெக்ஷன் 1.8 புள்ளி குறைவு. உண்மையான குறைவு −0.6 முதல் 4.2 வரை எங்கும் இருக்கலாம். கட்டுப்படியாக 1.5 வேண்டும். முடிவு எடுக்க இந்த டேட்டா போதாது. 30 நாள் கலந்து ஓட்டலாம், அதில் 15 நாள் ஃபில்டர். அதற்குச் செலவு 67,500 ரூபாய்."

இதைப் படித்துவிட்டு எந்த முதலாளியும் பி எவ்வளவு என்று கேட்கமாட்டார். "அந்த 15 நாள் ஃபில்டரைச் சப்ளையர் சும்மா தருவாரா?" என்றுதான் கேட்பார். கேட்டுப் பாருங்கள், டிரயலுக்கு என்றால் சில பேர் தருவார்கள்.